இறைச்சியைக் காக்கும் நல்ல பற்றீரியாக்கள்

நெல்லைக் காக்கும் முறையைக் கமக்காரர் எல்லோரும் அறிவர். நன்றாகக் காயவைத்துச் சாக்கிலிட்டு, ஈரம் அணுகாத இடத்தில் அடுக்கினால் அது அடுத்த போகம் வரை கெடாதிருக்கும். மிளகாயையும் வெங்காயத்தையும் காப்பதற்கும் கைகண்ட முறைகள் உண்டு. இறைச்சியோ இவற்றைப் போன்றதன்று. காலையிற் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாங்கிய இறைச்சி, குளிரில் வைக்கப்படாவிடின், மாலைக்கு முன்னரே நாற்றமெடுக்கத் தொடங்கும். களனி ஆற்றின் கரைகளில் நெல்லும் கீரையும் பயிற்றங்காயும் பயிரிட்டு, வீட்டுப் புறத்திற் சில கோழிகளையும் ஆடுகளையும் வளர்க்கும் குடும்பங்களுக்கு இது சிறிய நட்டமன்று. பணம் போவதோடு, கெட்டதை அறியாமல் உண்போரின் உடல்நலமும், சில வேளைகளில் உயிருமே போகின்றன.

இறைச்சியைக் கெடுப்பவை பற்றீரியா எனப்படும் நுண்ணங்கிகள். அதே இனத்தைச் சேர்ந்த வேறு சில நுண்ணங்கிகள் இறைச்சிக்குக் காவலாகவும் நிற்கின்றன. பாலைத் தயிராக்குவனவும், தோசை மாவைப் புளிக்கச் செய்வனவும், பழஞ்சோற்றுக்குப் புளிப்பைத் தருவனவும் இவையே. இவை இறைச்சியை எவ்வாறு காக்கின்றன, பிற நாட்டார் இவற்றை எவ்வாறு பயன்படுத்துகின்றனர், நம் வீட்டில் எந்த அளவுக்கு இவற்றை நம்பலாம் என்பவற்றை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

மழை நாட்டின் பழைய வழி

யாழ்ப்பாணத்தில் மீனைக் கருவாடாக்குவதும் இறைச்சியை உப்புக்கண்டமாக்குவதும் நெடுங்கால வழக்கம். அங்கு நீண்ட வெயிற்காலம் உண்டு. கொழும்பிலும் களனியிலும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் காற்றில் ஈரம் மிகும். அக்காலத்தில் வெயிலை நம்பி இறைச்சியைக் காயவைத்தால், அது காய்வதற்கு முன்னரே புழுக்கும்.

ஆகவே இக்கரையோர மக்கள் வேறொரு வழியைக் கண்டனர். மீனின் குடலையும் செவுளையும் நீக்கிக் கழுவி, உப்பும் கொறக்காப்புளியும் சேர்த்து, மட்பானையிலோ மரப்பீப்பாயிலோ அடுக்கி மூடி வைத்தனர். சிங்கள மக்கள் இதனை ஜாடி என்பர். இவ்வாறு பதனிட்ட மீன் பல மாதங்கள் இருக்கும். தென்னிந்தியாவின் மலையாள, தென்கன்னடக் கரைகளிலும் கானாங்கெளுத்தி மீனை இதே போல உப்பும் குடம்புளியும் இட்டுப் பதனிட்டு, பீப்பாய்களில் அடைத்து இலங்கைக்கு ஏற்றுமதி செய்தனர். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது வழக்கமான அளவு. கொழும்புச் சந்தையை நோக்கிச் செய்யப்பட்டமையால், மீன்பதன நூல்களில் இம்முறைக்குக் ‘கொழும்பு முறைப் பதனிடல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இம்முறையில் மீனைக் காப்பவை உப்பும் புளிப்பும் ஆகிய இரண்டே. புளிப்பு மிகுந்த இடத்திற் கேடு செய்யும் பற்றீரியாக்கள் பெருக முடியாது. ஜாடியில் அப்புளிப்பைக் கொறக்காப்புளி தருகின்றது. நாம் இங்கு கூறவந்த நல்ல பற்றீரியாக்களோ, புளியை வெளியிலிருந்து சேர்க்க வேண்டாதபடி, உணவினுள்ளேயே அதனை உண்டாக்குகின்றன.

இறைச்சி கெடுவது எவ்வாறு?

நோயற்ற விலங்கின் தசையினுள்ளே பற்றீரியாக்கள் பெரும்பாலும் இல்லை. அறுக்கும்போது தோல், குடல், கத்தி, பலகை, கை, கழுவும் நீர் ஆகியவற்றிலிருந்து அவை இறைச்சியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஏற்ற வெப்பமும் ஈரமும் கிடைத்தால், சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அக்கணக்குப்படி ஒரு பற்றீரியா 7 மணி நேரத்தில் 20 இலட்சத்துக்கும் மேலாகப் பெருகிவிடும். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலை இவற்றின் பெருக்கத்துக்கு இடமளிப்பது. நமது நாளாந்த வெப்பநிலை இதன் நடுவே அமைந்துள்ளது.

கேடு செய்யும் பற்றீரியாக்கள் இரு வகையின. முதல் வகை இறைச்சியைப் பழுதாக்குவது. நாற்றம், வழுவழுப்பு, நிறமாற்றம் ஆகியவற்றால் இதனை நாம் அறிந்துகொள்ளலாம். இரண்டாம் வகை நோயை உண்டாக்குவது. சல்மனெல்லா, லிஸ்தீரியா, கொடிய நஞ்சை உண்டாக்கும் குளொஸ்திரிடியம் பொட்டுலினம் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை பெருகிய இறைச்சியில் நாற்றமோ நிறமாற்றமோ இல்லாமலும் இருக்கலாம். எனவே மூக்கை மட்டும் நம்பி இறைச்சியின் நன்மை தீமையை அறிதல் இயலாது.

விலங்கு வளர்ப்போர் இங்கு அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. புளிப்பை அளப்பதற்குப் பீ.எச். எண் என்னும் அளவு வழங்குகின்றது. 7 என்பது நடுநிலை. அதிலிருந்து எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். உயிருள்ள விலங்கின் தசை ஏறத்தாழ 7 என்ற நிலையில் இருக்கும். அறுத்த பின்னர், தசையிற் சேமித்திருந்த மாப்பொருள் இலத்திக்கமிலமாக, அஃதாவது தயிரின் புளிப்பைத் தரும் அதே அமிலமாக மாறுவதால், அவ்வெண் 5.5 அளவுக்கு இறங்கும். இயற்கையே இறைச்சிக்கு அளிக்கும் முதற்காப்பு இது. ஆனால் நெடுந்தூரம் நடத்தியும், அடித்தும், அச்சுறுத்தியும், பட்டினி போட்டும் கொண்டுவந்த விலங்கில் அம்மாப்பொருள் முன்னரே செலவாகியிருக்கும். அதன் இறைச்சி போதிய அளவு புளிக்காது, கருமையாகவும் உலர்ந்தும் தோன்றும், விரைவிற் கெடும். ஆகவே விற்பனைக்குக் கொண்டுசெல்லும் விலங்குக்கு இளைப்பாறுதலும் குடிநீரும் கொடுத்தல் இரக்கச் செயலாவதோடு, இறைச்சியைக் காக்கும் செயலுமாகும்.

நல்ல பற்றீரியாக்களின் மூன்று படைக்கலங்கள்

இலத்திக்கமிலத்தை உண்டாக்கும் பற்றீரியாக்களைப் பற்றிய அறிவு 1857 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ச்சர் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது. பால் புளிப்பது உயிருள்ள நுண்ணங்கிகளின் செயல் என்பதை அவர் காட்டினார். 1870களில் இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவர் யோசேப்பு லிஸ்டர், அவற்றுள் ஒரு வகையைத் தனியே பிரித்தெடுத்தார். இப்பற்றீரியாக்கள் மூன்று வகையால் உணவைக் காக்கின்றன.

முதலாவது, அமிலம். இவை உணவிலுள்ள வெல்லப் பொருளை உண்டு இலத்திக்கமிலத்தை வெளிவிடுகின்றன. பீ.எச். எண் 4.6க்குக் கீழே இறங்கினால், பொட்டுலினம் என்னும் கொடிய பற்றீரியா வளர்ந்து நஞ்சு உண்டாக்க முடியாது. பழுதாக்கும் பற்றீரியாக்கள் பலவும் ஒடுங்கிவிடும்.

இரண்டாவது, இடத்தையும் உணவையும் முந்திப் பிடித்தல். நாற்று நடும் கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வயலை உழுது வெறுமனே விட்டால் களை முளைக்கும். வளர்ந்த நாற்றை நெருங்க நட்டு நீரைக் கட்டினால், பயிர் முந்திக்கொண்டு களையை அடக்கும். பாலுக்கு உறையூற்றுவதும் இத்தகையதே. உறையில் உள்ள கோடிக்கணக்கான நல்ல பற்றீரியாக்கள், கெட்டவை தலையெடுக்கும் முன்னரே பாலைத் தம் வசமாக்கிக்கொள்கின்றன.

மூன்றாவது, எதிரியைக் கொல்லும் பொருள். சில நல்ல பற்றீரியாக்கள், தமக்கு நெருங்கிய இனத்துப் பற்றீரியாக்களைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. இவற்றுட் பெயர்பெற்றது நைசின். பாற்பற்றீரியா ஒன்று பிற பற்றீரியாக்களை அடக்கும் செய்தி 1928 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. 1947 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மற்றிக், ஹேர்ஷ் என்னும் ஆய்வாளர்கள் அப்பொருளுக்கு நைசின் எனப் பெயரிட்டனர். 1969 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனமும் உலக சுகாதாரத் தாபனமும் கூட்டிய நிபுணர் குழு இதனை உணவிற் சேர்க்கத்தக்கது என ஏற்றது. பாற்கட்டி முதலிய பொதிகளின் மேல் ஈ 234 என அச்சிட்டிருந்தால் அது நைசினைக் குறிக்கும். மனிதரின் குடலில் இது மற்றைப் புரதங்களைப் போலவே செரித்துப்போகின்றது.

நைசினுக்கும் எல்லை உண்டு. லிஸ்தீரியா போன்றவற்றை அது அடக்கும். சல்மனெல்லாவுக்கோ வெளிப்புறத்தில் மேலதிகமான ஒரு மென்படலம் இருப்பதால், நைசின் தனித்து நின்று அதனைத் தாக்கமாட்டாது. இறைச்சியின் கொழுப்பிலும் புரதத்திலும் ஒட்டிக்கொள்வதால், பாற்கட்டியில் உள்ள வலிமை அதற்கு இறைச்சியில் இருப்பதில்லை. ஆகவே இறைச்சித் தொழிலில், சுரந்த பொருளை மட்டும் சேர்ப்பதிலும் பார்க்க, இறைச்சியில் வாழவல்ல பற்றீரியாக்களை உயிருடன் சேர்ப்பதிலேயே அறிஞர்கள் அதிக நாட்டங் கொண்டனர்.

இறைச்சிக்கு உறையிடுதல்

ஐரோப்பிய நாட்டார் நெடுங்காலமாகவே அரைத்த இறைச்சியில் உப்பும் சிறிது வெல்லமும் சேர்த்துக் குடலில் அடைத்துத் தொங்கவிட்டுச் சொசேஜ் செய்துவந்தனர். முன்னர்ச் செய்து நன்றாக அமைந்த கலவையிற் சிறிதெடுத்துப் புதியதிற் சேர்ப்பதும் உண்டு. நம் பெண்கள் நேற்றைய தயிரைப் பாலில் இடுவதைப் போன்றது அது. ஆனால் எந்தப் பற்றீரியா புகுந்தது என்பதை அறியாமற் செய்தமையால், சில வேளைகளில் நல்லதும் சில வேளைகளிற் கெட்டதும் விளைந்தன. 1950களில் அமெரிக்காவில், பெடியோகொக்கஸ் என்னும் இனத்தைத் தனியே வளர்த்துச் சொசேஜுக்கு உறையாக விற்கும் முறை வழக்குக்கு வந்தது. அன்றிலிருந்து இறைச்சிக்கான உறை ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது.

நெற்கமக்காரர் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்றை இங்கு கூறலாம். இறைச்சியில் மிகச் சிறப்பாக வாழும் நல்ல பற்றீரியாவின் பெயர் சாக்கே என்பதை ஒட்டியது. சாக்கே என்பது யப்பானியர் அரிசியிலிருந்து வடிக்கும் மது. 1934 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர்கள் அம்மதுவிலிருந்தே இதனை முதலிற் பிரித்தெடுத்தனர். பிற்காலத்தில் இது இறைச்சியிலும் பெருவாரியாக வாழ்வது தெரியவந்தது. குளிரிலும் உப்பிலும் இது வளரும். வெல்லம் குறைந்த இறைச்சியில், வேறு பற்றீரியாக்கள் பயன்படுத்த மாட்டாத சில பொருள்களையும் உண்டு வாழும். 2005 ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதன் பரம்பரைக் குறிப்பு முழுவதையும் வாசித்து, இத்திறனுக்கான காரணங்களை விளக்கினர்.

இன்று சில நாடுகளில், சமைத்துத் துண்டுபோட்டுப் பொதிசெய்யும் இறைச்சியின் மேல் இத்தகைய பற்றீரியாக்களைத் தெளிக்கின்றனர். அவை புளிப்பை மிகுதியாக உண்டாக்காமல், லிஸ்தீரியா பெருகாதபடி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இதன் தேவை எத்தகையது என்பதற்குத் தென்னாபிரிக்காவில் நிகழ்ந்ததே சான்று. அங்கு 2017, 2018 ஆம் ஆண்டுகளில், பொலோனி என வழங்கும் சமைத்த இறைச்சிப் பண்டத்தின் மூலம் லிஸ்தீரியா பரவிற்று. 1,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுட் பச்சிளங் குழந்தைகள் பலர். லிஸ்தீரியா குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெல்ல மெல்லப் பெருகவல்லது. கருவுற்ற தாய்மாரும் முதியோரும் இதனால் மிகவும் தாக்கப்படுவர்.

சோற்றோடு புளிக்கும் இறைச்சி

குளிர்நாட்டு முறைகள் நமக்கு ஒத்துவருமா என்ற ஐயம் எழுதல் இயல்பு. நம்மைப் போல வெப்பமும் ஈரமும் மிகுந்த நெல்விளையும் நாடுகளிலும் இம்முறை உண்டு. தாய்லாந்தில் நேம் என்னும் பண்டத்தை அரைத்த பன்றியிறைச்சியிற் செய்வர். அதில் உப்பு, சோறு, உள்ளி ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, வாழையிலையில் இறுகச் சுற்றி, மூன்று முதல் ஐந்து நாள் வரை வைப்பர். வியட்நாமிலும் இதையொத்த பண்டம் உண்டு. யப்பானில் பீவா ஏரியின் மீனை முதலில் உப்பிலும் பின்னர்ச் சோற்றிலும் பல மாதங்கள் அடைத்துவைக்கும் வழக்கம் பழமையானது.

சோறு எதற்காக? இறைச்சியிலும் மீனிலும் வெல்லப் பொருள் மிகக் குறைவு. உண்பதற்கு ஒன்றுமில்லாவிடின் நல்ல பற்றீரியா அமிலத்தை உண்டாக்க மாட்டாது. சோற்றிலும் உள்ளியிலும் உள்ள மாப்பொருள்களே அதற்கு உணவாகின்றன. உப்பானது கெட்டவற்றைத் தடுத்து நல்லவற்றுக்கு வழிவிடுகின்றது. இலையின் இறுக்கமான சுற்று காற்றைத் தடுக்கின்றது. நுண்ணங்கி என்னும் சொல்லே இல்லாத காலத்தில், பட்டறிவொன்றையே துணையாகக் கொண்டு கமக்காரர் கண்ட முறை இது.

ஆயினும் இதன் குறையையும் சொல்லியே ஆகவேண்டும். நேம் போன்ற பண்டங்களைச் சமைக்காமல் உண்போருக்குப் பன்றியிறைச்சிப் புழுக்களால் நோய் வந்ததுண்டு. புளிப்பு பற்றீரியாவை அடக்குமே யன்றி, இறைச்சியினுள் உறையும் புழுவைக் கொல்லும் என நம்புதல் கூடாது.

‘இயற்கை’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு

இறைச்சியைச் சிவப்பாக வைத்திருக்கவும் பொட்டுலினத்தைத் தடுக்கவும் தொழிற்சாலைகளில் நைத்திரைற்று என்னும் உப்பைச் சேர்ப்பர். 2015 ஆம் ஆண்டில் உலக சுகாதாரத் தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம், பதனிட்ட இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. ‘இயற்கைப் பதனம்’ என்னும் பெயருடன் பல பண்டங்கள் விலைக்கு வருகின்றன. அவற்றுட் சிலவற்றில் செலரிக் கீரையின் சாற்றைச் சேர்க்கின்றனர். அக்கீரையில் நைத்திரேற்று மிகுதியாக உண்டு. ஒரு வகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றது. முடிவில் இறைச்சியிற் சேர்வது அதே நைத்திரைற்றுத்தான். ஆகவே பெயரை மட்டும் பார்த்து ஏமாறுதல் ஆகாது. பதனிட்ட இறைச்சியை எவ்வகையில் வாங்கினும் அளவோடு உண்பதே நன்று.

வீட்டிற் செய்யத்தக்கது

நம் வீட்டில் எளிதாகக் கிடைக்கும் உறை தயிர். அதன் புளிப்பும் அதிலுள்ள பற்றீரியாக்களும் இறைச்சி கெடுவதை ஓரளவு தாமதப்படுத்தும். இறைச்சியை மென்மையாகவும் ஆக்கும். பின்வரும் முறையைக் கைக்கொள்க.

1. நம்பத்தக்க இடத்தில், அன்றே அறுத்த இறைச்சியை வாங்குக. வீட்டில் அறுக்கும் கோழியாயின், குடல் கிழியாதபடி நீக்குக.

2. கை, கத்தி, பலகை ஆகியவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. காய்கறி வெட்டும் பலகையில் இறைச்சியை வெட்டற்க.

3. ஒரு கிலோகிராம் இறைச்சிக்குப் புதிய தயிர் 200 கிராம், உப்பு 15 முதல் 20 கிராம் வரை, சிறிது மஞ்சள் ஆகியவற்றைச் சேர்த்து, எல்லாத் துண்டுகளிலும் படும்படி பிசைக.

4. கண்ணாடி, பீங்கான் அல்லது துருப்பிடியா உருக்குப் பாத்திரத்தில் இட்டு மூடி, உடனே குளிர்சாதனப் பெட்டியில், 5 பாகை செல்சியசுக்கு மேற்படாத குளிரில் வைக்க. பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் புளிப்புக்கு ஆகா.

5. 24 மணி நேரத்துள் சமைக்க. துண்டின் நடுப்பகுதியும் நன்றாக வெந்து, சிவப்பு நீர் வராத நிலை வரை வேகவிடுக. வெப்பமானி உள்ளோர் நடுவில் 74 பாகை செல்சியசு காணும் வரை வேகவைக்க.

6. ஊறிய தயிரைச் சமைக்காமற் குழம்பிலோ சம்பலிலோ சேர்த்தல் கூடாது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், தயிரிட்டாலும் இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தல் ஆகாது. அன்று வாங்கியதை அன்றே சமைப்பதே அங்கு முறை. தயிர் அங்கே சுவைக்கு உதவுமே யன்றிக் காப்புக்கு உதவாது.

சொசேஜ், நேம் போன்ற பச்சையாகப் புளிக்கவைக்கும் இறைச்சிப் பண்டங்களை வீட்டில் முயன்று பார்த்தல் வேண்டாம். அவற்றுக்குத் தேர்ந்த உறை, சரியாக நிறுத்த உப்பு, புளிப்பை அளக்கும் கருவி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அறை ஆகியவை வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் உயிருக்கு ஆபத்து நேரலாம். விற்பனைக்குச் செய்ய விரும்புவோர், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் ஒழுங்குகளைத் தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிந்த பின்னரே தொடங்குதல் வேண்டும்.

காய்கறியிற் பழகுக

இறைச்சியில் முயலத்தகாததைக் காய்கறியில் அச்சமின்றி முயலலாம். புலால் உண்ணாதோருக்கும் இது பயன்படும். கோவா, கரட், முள்ளங்கி ஆகியவற்றின் மேல் நல்ல பற்றீரியாக்கள் இயல்பாகவே உள்ளன. போதிய வெல்லப் பொருளும் அவற்றில் உண்டு. ஆகவே உறையும் வேண்டியதில்லை. சந்தையில் விலை விழுந்து, பேலியகொடைக்கு ஏற்றும் கூலிக்கும் கட்டாத நாட்களில், விளைவின் ஒரு பகுதியை இவ்வாறு வீட்டுத் தேவைக்குக் காத்துக்கொள்ளலாம்.

நன்றாகக் கழுவி மெல்லியதாக அரிந்த காய்கறி ஒரு கிலோகிராமுக்கு 20 முதல் 25 கிராம் வரை உப்பைச் சேர்த்து, சாறு ஊறும்படி கையால் அழுத்திப் பிசைக. கண்ணாடிப் போத்தலிலோ பீங்கான் சாடியிலோ இறுக்கி அடைக்க. காய்கறி முழுவதும் தன் சாற்றினுள் மூழ்கியிருத்தல் வேண்டும். மேலே சுத்தமான கண்ணாடிப் பாரம் ஒன்றை வைத்து, காற்றுக் குமிழி வெளியேறும்படி தளர மூடுக. நமது வெப்பநிலையில் இரண்டாம் நாளிற் குமிழிகள் தோன்றும். மூன்று முதல் ஏழு நாட்களுள் நல்ல புளிப்பு ஏறும். பின்னர்க் குளிரில் வைத்துப் பயன்படுத்துக. உப்பைக் குறைத்தால் காய் குழைந்து அழுகும். மிகக் கூட்டினால் நல்ல பற்றீரியாவும் வளராது. ஆதலின் உப்பை நிறுத்தே இடுக. கருமை, பச்சை, இளஞ்சிவப்பு நிறப் பூஞ்சணம் படர்ந்தாலும், அழுகல் நாற்றம் வந்தாலும் முழுவதையும் எறிந்துவிடுக.

வினாவும் விடையும்

இறைச்சி சிறிது நாற்றமெடுத்துவிட்டது; தயிரில் ஊறவைத்தால் நன்றாகிவிடுமா?

ஆகாது. தயிர் நாற்றத்தை மறைக்கும், கேட்டை நீக்காது. சில பற்றீரியாக்கள் முன்னரே உண்டாக்கிய நஞ்சு சமைத்தாலும் அழியாது. எறிந்துவிடுவதே தக்கது.

மருந்துக்கடையில் விற்கும் நல்ல பற்றீரியா வில்லைகளை இறைச்சியில் இடலாமா?

இடுவதாற் பயனில்லை. அவை குடலுக்கெனத் தேர்ந்த வகைகள். இறைச்சியைக் காக்கும் திறன் நோக்கி அவை தேர்ந்தெடுக்கப்படவில்லை.

மின்சாரம் நின்றுவிட்டால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

திறவாத குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்கு மேற்பட்டால் இறைச்சியையும் தயிரிட்ட இறைச்சியையும் பயன்படுத்தல் கூடாது. உறைநிலைப் பெட்டி நிறைந்திருந்தால் ஏறத்தாழ இரண்டு நாள் வரை தாங்கும்.

வெள்ளம் வீட்டினுள் வந்துவிட்டது. மூடிய பாத்திரத்தில் இருந்த இறைச்சியை உண்ணலாமா?

2016 ஆம் ஆண்டு மே மாதத்திற் களனி ஆறு பெருகி வெள்ளம்பிட்டியும் கொலன்னாவையும் களனியும் நீரில் மூழ்கியதைப் பலரும் மறவார். வெள்ள நீரில் மலக்குழி நீரும் கலந்திருக்கும். அந்நீர் பட்ட இறைச்சி எவ்வகைப் பாத்திரத்தில் இருந்தாலும், எவ்வளவு புளிப்பு ஏறியிருந்தாலும் உண்ணத்தக்கதன்று. காற்றுப்புகாத் தகரத்தில் அடைத்தவற்றை மட்டும், தகரம் நசுங்காமலும் உப்பாமலும் இருப்பின், சவர்க்காரமிட்டுக் கழுவித் தொற்றுநீக்கிய பின்னர்த் திறக்கலாம்.

நினைவில் வைக்க

நல்ல பற்றீரியா காவலாள் மட்டுமே. சுத்தமாக அறுத்து, விரைவாகக் குளிரில் வைத்து, அளவாக உப்பிட்ட இறைச்சியை அது காக்கும். கெட்டுப்போன இறைச்சியை அது மீட்டுத்தர மாட்டாது. விலங்கை வருத்தாமல் வளர்த்துக் கொண்டுசெல்வது முதற் காப்பு, சுத்தமான கத்தியும் கையும் இரண்டாவது, குளிர் மூன்றாவது, புளிப்பு நான்காவது, நன்றாக வேகவைப்பது ஐந்தாவது. இவற்றுள் எதனையும் மற்றொன்றுக்குப் பதிலாகக் கொள்ளாது, எல்லாவற்றையும் ஒருங்கே கைக்கொள்ளும் வீட்டில் இறைச்சியால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

காய்கறியைப் புளிக்கவைப்பது பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையும், இறைச்சியின் சுத்தம் பற்றி அறிய விரும்புவோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் நேரிற் கண்டு கேட்டறிக.